மோனோகுரோம் கொடுத்த பிறகும் சில கோடுகள் மட்டும் கலரில் பிரிண்ட் ஆவது ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான்: வரைபடம் வரைகிற ஆட்டோகேட் மென்பொருளில் மோனோகுரோம்.சிடிபி தேர்ந்தெடுத்துத்தான் ப்ளாட், அதாவது பிரிண்ட், கொடுக்கிறார். (சிடிபி என்பது எந்த நிறக் கோடு பேப்பரில் எப்படி வரவேண்டும் என்று சொல்கிற பட்டியல்; மோனோகுரோம் எல்லாவற்றையும் கறுப்பாக்க வேண்டியது.) பாதிக் கோடுகள் கறுப்பாகவும் மீதி மஞ்சளும் பச்சையுமாகவும் வருகின்றன. பிரிண்டரில் கோளாறா என்று கேட்கிறார்.

பிரிண்டர் மேல் குற்றமில்லை. லேயர் (சுவர், கதவு, லைட் என்று கோடுகளை வகை பிரித்து வைக்கிற அடுக்கு) பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு லேயருக்கும் எதிரே கலர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒழுங்காகக் கறுப்பில் வருகிற லேயர்களுக்கு ரெட், யெல்லோ என்று பெயரோ, 30, 142 என்று ஒற்றை எண்ணோ இருக்கும். அடம்பிடிக்கிற லேயர்களுக்கு 255,240,0 என்பது போலக் காற்புள்ளி போட்ட மூன்று எண்கள் இருக்கும். முன்னது இண்டெக்ஸ் கலர், பின்னது ட்ரூ கலர். மோனோகுரோம்.சிடிபி கறுப்பாக்குவது 255 இண்டெக்ஸ் கலர்களை மட்டும்தான். ட்ரூ கலரும், பெயின்ட் கம்பெனி அட்டை போன்ற கலர் புக் நிறங்களும் அதன் பட்டியலிலேயே இல்லை. அதனால் அவை தங்கள் சொந்த நிறத்திலேயே பேப்பரில் இறங்கும்.

நீங்கள் அந்த ஆபீஸில் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது, அந்த வரைபடத்தை நீங்கள் வரைந்திருக்கவும் மாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஃபைலை "ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பா" என்று நீட்டியிருப்பார்கள். கலரில் வந்ததும் திட்டு உங்களுக்கு. சரியா?

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. அது தெரிந்தால் சிடிபி மேல் கோபம் வராது. அந்தக் காலத்து ப்ளாட்டரில் நிஜமாகவே பேனாக்கள் இருந்தன, ஆறோ எட்டோ. ஸ்கிரீனில் இருக்கும் நிறம், எந்தப் பேனாவை எடுக்க வேண்டும் என்று ப்ளாட்டருக்குச் சொல்கிற எண்தான். சிவப்பு 1, மஞ்சள் 2, பச்சை 3 என்று போகும். மஞ்சள் கோடு மஞ்சளாக வரவேண்டும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் நம்பர் பேனாவின் தடிமனில் கறுப்பாக வந்தால் போதும். பிறகு இங்க்ஜெட் வந்து பேனாக்கள் போய்விட்டன, எண் மட்டும் தங்கிவிட்டது. ஆட்டோகேட் 2000 பதிப்பில் நிறத்தை வைத்து வேலை செய்கிற சிடிபி, பெயரை வைத்து வேலை செய்கிற எஸ்டிபி ஃபைல்கள் வந்தன. ட்ரூ கலர் வந்தது அதற்குப் பிறகு, 2004 பதிப்பில். பேனா எண்ணே இல்லாத ஒரு நிறத்தை, பேனா எண்ணை வைத்து வேலை செய்கிற ஒரு பட்டியல் எப்படிப் பிடிக்கும்?

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தபோது ஒரு கல்யாண மண்டப வேலை நடந்தது. எலக்ட்ரிகல் வரைபடம் வெளியூர் கன்சல்டன்ட் ஒருவரிடமிருந்து வந்தது. எங்கள் பிளானோடு சேர்த்து ஏ1 ஷீட்டுகளாக வெளியே ஒரு பிரிண்ட் கடையில் ப்ளாட் போட்டார்கள். சுவர், கதவு, அளவுகள் எல்லாம் கறுப்பு. பவர் பாயிண்ட், காண்ட்யூட் (ஒயர் போகிற குழாய்) போகிற கோடுகளும் கறுப்பு. லைட்டிங் லேயர் ஒன்று மட்டும் வெளிறிய மஞ்சள். அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் "கலரில் இருந்தால் நல்லதுதானே" என்று விட்டிருப்பார்கள்.

சைட்டுக்குப் போனது அந்த ஷீட் இல்லை, அதிலிருந்து எடுத்த ஏ3 ஜெராக்ஸ். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் வெளிறிய மஞ்சள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எலக்ட்ரீஷியன் பேப்பரில் இருந்ததைப் பார்த்துச் சுவரில் காடி வெட்டினார், இல்லாததை வெட்டவில்லை. டைனிங் ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பூச்சு முடிந்த பிறகுதான் அங்கே ஸ்விட்ச் பாக்ஸ்கள் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அப்புறம் வழக்கமான பஞ்சாயத்துதான். பழி முதலில் போனது பிரிண்ட் கடை அண்ணன் மேல். "கார்ட்ரிட்ஜ் மாத்திக்கூடப் பாத்துட்டேங்க சார், அதே மாதிரிதான் வருது" என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஆபீஸில் ஒரு சீனியர் ஆட்டோகேடையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணச் சொன்னார். இன்னொருவர் பிரிண்டர் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றச் சொன்னார். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அதே ஷீட்டில், அதே கார்ட்ரிட்ஜில், மற்ற மஞ்சள் கோடுகள் எல்லாம் ஒழுங்காகக் கறுப்பாகத்தானே வந்திருக்கின்றன? ஸ்கிரீனில் இரண்டு மஞ்சளும் கண்ணுக்கு ஒன்றுதான். லேயரைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் யெல்லோ. இன்னொன்றில் 255,240,0.

கன்சல்டன்ட் ஆபீஸுக்குப் போன் போட்டதும் மீதியும் புரிந்தது. அவர்கள் வரைந்தது ரெவிட் என்ற வேறொரு மென்பொருளில். அங்கிருந்து ஆட்டோகேடின் டிடபிள்யூஜி ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணும்போது, செட்டப்பில் கலர்ஸ் என்ற பக்கத்தில் 255 இண்டெக்ஸ் கலரா, ஆர்ஜிபி ட்ரூ கலரா என்று ஒரு தேர்வு இருக்கும். பவர் ஷீட்டை ஒருவர் இண்டெக்ஸிலும் லைட்டிங்கை இன்னொருவர் ட்ரூ கலரிலும் எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்களும் ரெவிட்டிலிருந்து வந்த ஃபைலோடுதான் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால், இங்கே உட்கார்ந்து லேயர் லேயராக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அவர்களிடமே இண்டெக்ஸில் எக்ஸ்போர்ட் பண்ணித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரிவிஷனில் இதே கூத்து திரும்ப நடக்கும்.

கேட்க வழியில்லை, இன்றைக்கே பிரிண்ட் வேண்டும் என்றால்: ட்ரூ கலர் லேயர்களைத் தேர்ந்தெடுத்து இண்டெக்ஸ் கலருக்கு மாற்றுங்கள். லேயரில் மாற்றியும் சில கோடுகள் அசையவில்லை என்றால் நிறம் அந்தக் கோட்டின் மேலேயே நேராகப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். செட்பைலேயர் கமாண்ட் கொடுங்கள். பிளாக்குகளையும் (ஒரே பொருளாகக் கட்டி வைத்த கோடுகள்) சேர்க்கவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். ஃபைல் எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளியே இருக்கும் ஃபைலோடு இணைப்பாக, உள்ளே வந்திருந்தால் மூல ஃபைலைத் திறந்துதான் செட்பைலேயர் கொடுக்க வேண்டும். திறக்க அனுமதி இல்லாதவர்களுக்குப் புதிய பதிப்புகளில் எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடு என்று ஒரு மாறி உண்டு. அதை 1 ஆக வைத்தால் எக்ஸ்ரெஃபுக்குள் இருக்கும் கோடுகளை எல்லாம் பைலேயர் போலவே, அதாவது லேயரின் நிறத்தையே எடுக்கிற கோடுகளாக, நடத்தும்.

"எஸ்டிபி பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று யாராவது எழுத வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உண்மைதான். எஸ்டிபியில் ஸ்டைல் லேயருக்கோ கோட்டுக்கோ பெயரால் ஒட்டப்படுகிறது, கலர் எதுவானாலும் கவலை இல்லை. ஆனால் நம் ஊரில் நான் பார்த்த ஆபீஸ்கள் எல்லாமே சிடிபிதான். நீங்கள் மட்டும் எஸ்டிபிக்கு மாறினால் உங்கள் ஃபைலை வாங்குகிறவர் முழிப்பார். ஒரு ஃபைல் எந்த வகை என்று தெரிய பிஸ்டைல்மோட் (PSTYLEMODE) என்று தட்டுங்கள். 1 வந்தால் சிடிபி, 0 வந்தால் எஸ்டிபி. சிடிபி ஃபைலே லிஸ்டில் காட்டவில்லை என்று புலம்புகிறவர்களில் பலரிடம் இருப்பது எஸ்டிபி வகை வரைபடம்தான். கன்வர்ட்பிஸ்டைல்ஸ் (CONVERTPSTYLES) கமாண்ட் அதை மாற்றிவிடும். ஆனால் அதில் ஒட்டியிருந்த ஸ்டைல்கள் எல்லாம் போய்விடும் என்பதால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒருவேளை சில கோடுகள் இல்லாமல் எல்லாக் கோடுகளுமே கலரில் வந்தால் அது வேறு கதை. ப்ளாட் விண்டோவில் சிடிபி பெயருக்கு முன்னால் மிஸ்ஸிங் என்று இருக்கிறதா பாருங்கள். அனுப்பியவர் அவர்கள் ஆபீஸ் சிடிபியை அனுப்ப மறந்திருப்பார். கேட்டு வாங்கி, ஸ்டைல்ஸ்மேனேஜர் கமாண்ட் திறக்கிற ஃபோல்டருக்குள் போடுங்கள். "ப்ளாட் வித் ப்ளாட் ஸ்டைல்ஸ்" டிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் (பிரிண்ட் எடுக்கிற ஷீட்) பேஜ் செட்டப் தனி, ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. எக்செலிலிருந்து ஓஎல்இ ஆக (வேறு மென்பொருளின் பொருளாகவே) ஒட்டிய டேபிளும் படங்களும் எந்த சிடிபிக்கும் அடங்காது. அதோடு சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று. இதே குறையை நான் வேலைக்கும் பயன்படுத்தியிருக்கிறேன். நேஷனல் பில்டிங் கோடில் (தேசியக் கட்டட விதித்தொகுப்பு) அனுமதிக்கு வைக்கிற பிளானுக்கென்று ஒரு நிறப் பட்டியல் உண்டு. மனை எல்லை தடித்த கறுப்பு, புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள் ஹேட்ச் (கோடு போட்டு நிரப்புவது), கழிவுநீர் வேலை சிவப்புப் புள்ளிக்கோடு. இப்படி நிறம் சொன்னவை மட்டும் அந்தந்த நிறத்தில் வரவேண்டும், மற்றதெல்லாம் கறுப்பில் வரவேண்டும். முறையாகச் செய்வதென்றால் சிடிபியைக் காப்பி எடுத்து, கலர் 1-ஐ மட்டும் அதன் நிறத்திலேயே வரும்படி மாற்றலாம். ஆனால் கலர் 1-ல்தான் சென்டர் லைனும் வேறு ஏதேதோவும் இருக்கும், அவையும் சேர்ந்து சிவக்கும். அதற்குப் பதில் புதிதாகக் கட்டுகிற சுவரின் ஹேட்ச் லேயருக்கு மட்டும் ட்ரூ கலரில் சிவப்பு கொடுத்துவிட்டு, மோனோகுரோமில் ப்ளாட் போடுங்கள். "இது முறையில்லாத வேலை, அடுத்து வருகிறவன் குழம்புவான்" என்பார்கள். குழம்புவான்தான். அதனால் லேயர் பெயரிலேயே ட்ரூகலர் என்று எழுதி வையுங்கள்.

அந்த மண்டப விஷயம் எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பூச்சை உடைத்துப் பாக்ஸ் வைத்தார்கள். பிரிண்ட் கடை அண்ணனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த ஷீட்டுகளுக்கான பணத்தை "பார்த்துக்கலாம்" என்று இழுத்தே விட்டுவிட்டார்கள். திருத்திய ஷீட்டில் டைட்டில் பிளாக்கில் ஆர்க்கிடெக்ட் பெயர் இருந்தது, கன்சல்டன்ட் பெயர் இருந்தது, செக் பண்ணியவர் என்று அந்த டிரைவர் மாற்றச் சொன்னவரின் இனிஷியல் இருந்தது. வரைந்தவர் என்கிற கட்டம் காலி. கேட்டால் "அதெல்லாம் டெம்ப்ளேட்டில் அப்படித்தான் இருக்கு" என்றார்கள். தப்பு வந்தால் மட்டும் அந்தக் கட்டத்தில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனை கட்டடங்களின் வரைபடங்களில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறதோ. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் உங்கள் ஷீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டே பிரிண்ட் கொடுங்கள்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் கறுப்பு சுத்தக் கறுப்பாக இல்லாமல் பழுப்படித்தோ பச்சையடித்தோ வந்தால், அப்போது மட்டும் பிரிண்டர் பக்கம் திரும்புங்கள். கலர் மைகளைக் கலந்து கறுப்பு உண்டாக்குகிறது என்று அர்த்தம். டிரைவர் செட்டிங்கில் கறுப்பு மை மட்டும் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.