தலைதீபாவளிக்கு முன்பே தலைவலி

கேள்வி: எனக்கு வயது 39, வங்கியில் வேலை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே தூக்கம் போய்விடுகிறது. யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறேன். போன ஆண்டு எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தலைவலி தாங்காமல் புதுப்புடவையோடு படுத்துவிட்டேன். இந்த முறை நாத்தனாருக்குத் தலைதீபாவளி, மாப்பிள்ளை வருகிறார். மாமியாருக்கு எல்லாமே வீட்டில் செய்தாக வேண்டும். எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, மதுரை

மனநல மருத்துவர் பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாத்தனார் இருக்கிறார், மாப்பிள்ளை இருக்கிறார், மாமியார் இருக்கிறார். கணவரைக் காணோம்!

முறுக்குச் சுற்றிய கைவலி ஒரு வெந்நீர் ஒத்தடத்தில் போய்விடும். தையற்காரர் ரவிக்கையைத் தந்துவிட்டாரா, பாலுக்குக் கூடுதலாகச் சொன்னோமா, மாப்பிள்ளையின் மோதிர அளவு என்ன என்று மனத்துக்குள் ஓடும் கணக்குதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன் அவுட்' என்பதை, அதாவது வேலைச் சுமையால் ஆள் அடியோடு சோர்ந்துபோவதை, சம்பள வேலையோடு மட்டும் சேர்த்து விளக்கியது. அடுப்படி அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

எனவே "கொஞ்சம் உதவுங்கள்" என்று கேட்காதீர்கள். முழு வேலையாகவே ஒப்படைத்துவிடுங்கள். துணியும் பட்டாசும் கணவர் பொறுப்பு என்றால், அளவு கேட்பதிலிருந்து பில்லைப் பத்திரப்படுத்துவதுவரை அவர் பாடு. அவர் எடுத்துவந்த நிறம் பிடிக்காவிட்டாலும் வாய் திறக்காதீர்கள். பலரும் இந்த இடத்தில்தான் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பலகாரம் இல்லாவிட்டால் உங்களுக்குத் தீபாவளியே இல்லை, அத்தை?" அநேகமாக ஒன்றைத்தான் சொல்வார். அதிரசம் என்றால், தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பதம் பார்ப்பது அவர் கையிலேயே இருக்கட்டும். மாவு ஓரிரு நாள் ஊற வேண்டியதுதானே, முன்கூட்டியே பிசைந்து வைத்துவிடலாம். மற்றவற்றைக் கடையில் வாங்குங்கள். கடை மைசூர்பாகு என்பதற்காக மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தலைவலிக்கு எண்ணெய் மீது பழிபோட வேண்டாம். நள்ளிரவுவரை அடுப்படியில் நின்று, நான்கு மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் காபி குடித்தால் யாருக்கும் தலை வலிக்கும். முந்தின இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள். மாலைக்குமேல் காபி வேண்டாம். உள்ளே போன காஃபினில் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும்.

மூன்று வாரத் தூக்கக்கேடு என்பதால் ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பண்டிகை முடிந்து இரண்டு வாரமாகியும் எரிச்சலும் தூக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தீபாவளிக்கு மறுநாளுக்கும் இப்போதே விடுப்பு எழுதிக்கொடுத்துவிடுங்கள். விருந்தாளிகளிடம் மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.