நீண்ட தூரக் குதிரைச் சவாரி: முந்தின ராத்திரித் தீனி – கேள்வி பதில்

பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பக்கம் குதிரை வச்சிருக்கிறவங்க கேட்டவை. கணக்கெல்லாம் 400 கிலோ குதிரைக்கு. காலை 5 மணிக்கு 40 கிலோமீட்டர் கிளம்புறதா வச்சுக்கங்க.

வேலந்தாவளம்: அண்ணா, கிளம்புறப்போ வயிறு நிறையக் கொள்ளு போட்டாத்தானே தெம்பு?

பதில்: இல்லைங்க. தானியம் தின்னா மூணு நாலு மணி நேரம் இன்சுலின் ஏறி நிக்கும். அந்நேரம் ஓட்டினா கொழுப்பு எரியாது, சர்க்கரைதான் தீரும். கடைசித் தானியம் ராத்திரி 9 மணிக்கு, 1 கிலோவுக்குள்ள. அப்புறம் விடியிற வரைக்கும் காய்ஞ்ச புல், 5 கிலோ, அரை மணி நேரம் தண்ணியில நனைச்சு. பெருங்குடல்ல கிடக்குற நார்தான் தண்ணியையும் உப்பையும் பிடிச்சு வச்சு, வேர்க்க வேர்க்க ரத்தத்துக்கு விடும். புல் தீர்ந்து போகவே விடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை: ராத்திரி முழுக்க ஊறின கொள்ளை சில நாள் மோந்துட்டு விட்டுடுது.

பதில்: புளிச்சிருக்கும். மார்ச் வெக்கையில 12 மணி நேரம் ஊறினா நுரை தட்டிடும். அதைத் தின்னா வயித்துவலி. 6 மணி நேரம் போதும், நடுவுல தண்ணி மாத்துங்க. ஊறின தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில வேக வைங்க. பச்சைக் கொள்ளுல புரதம் செரிக்க விடாத பொருள் இருக்கு, வெந்தாத்தான் அடங்கும். ஒரு மணியை விரல்ல நசுக்கி, நடுவுல கெட்டியா வெள்ளைப் பொட்டு தெரிஞ்சா இன்னும் வேகணும். ஆற வச்சுப் போடுங்க. கொள்ளு மட்டும் வேண்டாம், பாதி ஓட்ஸ் கலங்க. புரதம் கூடினா மூத்திரம் கூடும், தண்ணி வீணாகும். காலையில லாயத்துல கண்ணு எரியிற நெடி அடிச்சா காரணம் இதுதான்.

ஆனைமலை: காய்ஞ்ச புல்லுக்குப் பதிலா சோளத்தட்டு, வைக்கோல்?

பதில்: பச்சைச் சோளத்தட்டு வேண்டவே வேண்டாம். அதுல சயனைடு நஞ்சு உண்டு. மூத்திரப்பையும் பின்னங்காலும் கெடும். வைக்கோல் மட்டும் தின்னா குடல் அடைக்கும். அருகம்புல்லை நல்லாக் காய வச்சுப் போடுங்க. எந்தப் புதுத் தீனியும் 10 நாள் முன்னாடியே கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிக்கணும்.

சித்தூர்: வேற ஊர்த் தண்ணியைத் தொட மாட்டேங்குது.

பதில்: ஒரு வாரம் முன்னாடியே வீட்டு வாளியில கொஞ்சம் வெல்லம் கரைச்சுப் பழக்குங்க. அங்கேயும் அதே வாசனை இருந்தா குடிக்கும். உப்பு 30 கிராம் ராத்திரித் தீனியில கலக்கலாம். தண்ணி குடிக்காத குதிரைக்கு வாயில உப்புக் கரைசல் ஊத்தாதீங்க. உடம்புத் தண்ணியைக் குடலுக்கு இழுத்து இன்னும் வத்த வைக்கும்.

பொள்ளாச்சி: அண்ணா, ஓட்டுற நான் என்ன சாப்பிட?

பதில்: ராத்திரி சோறு, காலையில ரெண்டு இட்லி, பையில கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர். போதும் தங்கச்சி.

வேலந்தாவளம்: 4 மணிக்கு எழுந்ததும் எதைப் பார்க்கணும்?

பதில்: லத்தி போட்டிருக்கா, புல் எவ்வளவு மிச்சம், வாளி குறைஞ்சிருக்கா. ரெண்டு விலாவிலயும் காதை வச்சுக் கேளுங்க, குடல் உருள்ற சத்தம் வரணும். ஒரு பக்கம் சத்தமே இல்லைன்னா சேணம் கட்டாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க.