பலி கேட்டவரா, பலியானவரா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கணவர் இறந்து மூன்று மாதமாகிறது. ஜெபிக்க வருகிறவர்கள், "ஆண்டவர் தம் ஒரே மகனையே பலியாகக் கொடுத்தார், நீங்களும் அவரைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அழக்கூடாது" என்கிறார்கள். இரவு முழுக்க ஜெபித்தும் மனம் ஆறவில்லை. வேதத்தைத் திறந்தால் எதுவும் ஒட்டவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். சிலுவையில் கொடுத்தவர் தேவன், பெற்றவர்கள் நாம். அந்தப் பலி ஒரேதரம் நடந்து முடிந்தது என்கிறது எபிரெயர் 10. உங்கள் கணவரை இன்னொரு பலியாக யாரும் கேட்கவில்லை. அழக்கூடாது என்பதும் தவறு. இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு அழுதார் (யோவான் 11:35).

ராத்திரி முழுக்க ஜெபிப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். தூக்கம் கெட்டால் துக்கம் கூடும். 'இவ்வளவு ஜெபித்தும் ஒன்றும் இல்லையே' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். பகலில் பத்து நிமிடம் போதும். வேதத்தைக் கண்ட பக்கத்தில் பிரித்து வாக்குத்தத்தம் தேடவும் வேண்டாம். சாபம் சொல்லும் பகுதி வந்துவிட்டால் அதையும் தனக்கென்றே எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

முதல் வாரம் மாற்கு 15:33-39 மட்டும், ஏழே வசனம், வாய்விட்டு. 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று இயேசு அங்கே கதறுவது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. இரண்டாம் வாரம் அந்தச் சங்கீதத்துக்குப் போங்கள். 21ஆம் வசனம் வரை முறையீடுதான் மிகுதி, 22இலிருந்து துதி. துதிக்கு அவசரப்பட்டு ஓடுகிறவர்கள்தான் வறண்டுபோகிறார்கள். முறையீட்டிலேயே பல நாள் நிற்கலாம். கணவர் பெயரைச் சொல்லி உங்கள் சொந்த முறையீட்டையும் ஒரு வரி சேருங்கள். அது மரியாதைக் குறைவல்ல. 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான்.

ரோமர் 8 பிறகு. துக்க வீட்டில் எல்லோரும் முதலில் நீட்டுவது, 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்கிற 28ஆம் வசனத்தை. நீங்கள் 35-39 வாசியுங்கள். உபத்திரவம், பசி, பட்டயம் என்று ஏழு துன்பங்களை பவுல் அடுக்குகிறார். அவை வராது என்று சொல்லவில்லை. வந்தாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார்.

சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் இல்லையென்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) காட்டுங்கள். அதை விசுவாசக் குறைவு என்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்டு வேலை. பெரிய வெள்ளிக்கு லீவு கிடைக்காது. சிலுவைப்பாதையை வீட்டில் செய்யலாமா?
– வாசகர், பினாங்கு

பதில்: தாராளமாக. மலேசியாவில் சபாவிலும் சரவாக்கிலும்தான் அன்று பொது விடுமுறை. சிலுவைப்பாதை என்பது இயேசுவின் பாடுகளை நினைத்து ஜெபிக்கும் 14 நிலைகள், நிலைக்கு இரண்டு நிமிடம் என்றால் அரைமணிக்குள் முடியும். ஒரு சிறு சிலுவை போதும், படங்கள் கட்டாயமில்லை. ஆரம்ப நிலைகளில் நீட்டிமுழக்கினால், இயேசு உயிர்விடும் 12ஆம் நிலைக்கு வரும்போது களைத்துப்போவீர்கள். மற்றவற்றைச் சுருக்கி, அங்கே முழங்காலிட்டு சற்று மௌனமாக இருங்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயில்களிலும் சிலுவைப்பாதை நடக்கும். ஷிஃப்டுக்குத் தோதான ஒரு வெள்ளியில் அங்கேயும் சேர்ந்துகொள்ளலாம்.