வாள் முதலில் காதுக்கு: ஒளிவாள் கேள்வி பதில்

என் மகளின் பள்ளி ஆண்டு விழா மேடையில் ஸ்டார் வார்ஸ் படத்தில் வருகிற மாதிரி நான் செய்த ஒளிவாள் ஒன்று உறுமியபடி எரிந்ததைப் பார்த்தவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் கேட்ட கேள்விகள் இவை. இதுவரை நாலு வாள் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் பரணில் கிடக்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி அந்த இரண்டும் கற்றுக்கொடுத்தவை.

கேள்வி: அண்ணா, எல்இடி ஸ்ட்ரிப் (வரிசையாக விளக்கு பதித்த பட்டை) வாங்கிவிட்டேன். அடுத்து என்ன வாங்கணும்?

எல்லோரும் ஸ்ட்ரிப்பைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான். இப்போதைக்கு அதை அலமாரியில் வையுங்கள் தம்பி. முதலில் சத்தம். ஒரு போர்டு (நாம் எழுதும் கோடை ஓட்டும் சின்னக் கணினி), அசைவை உணரும் ஒரு சென்சார், ஒரு ஸ்பீக்கர் மூன்றையும் பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் ஒயர் குத்தும் பலகை) சேருங்கள். நீளமான ஒயர் விட்டு, சென்சாரை மட்டும் ஒரு மர ஸ்கேலில் டேப் போட்டு ஒட்டி வீசிப் பாருங்கள். கை அசையும்போதே உறுமல் ஏறி இறங்கினால் அந்த ஸ்கேலே வாளாகத் தெரியும். சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தாலும் போச்சு. அப்புறம் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் திருவிழாக் கடைப் பொம்மைதான்.

இந்தச் சத்தம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் செய்வது எளிது. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட், பழைய திரைப்பட புரொஜெக்டரின் மோட்டார் உறுமலையும், டிவி பிக்சர் டியூப் பக்கம் மைக் போனபோது அது பிடித்த இரைச்சலையும் கலந்து அடிப்படை உறுமலை உண்டாக்கினார். வீச்சு சத்தத்துக்கு அந்த உறுமலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கைக் கையால் வீசிப் பதிவு செய்தார். ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சுருதி மாறுகிறதே, அதே சங்கதி. அவர் மைக்கை வீசிச் செய்ததை நாம் சென்சாரை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்கிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: ஆர்டுயினோ நானோ போர்டும், மெமரி கார்டில் உள்ள சத்தத்தை ஓட்டும் டிஎஃப்பிளேயர் மினியும் வைத்துச் செய்தேன். வீசும்போதெல்லாம் உறுமல் அறுந்து அறுந்து வருகிறது. கோடில் தப்பா?

கோடில் தப்பில்லை. டிஎஃப்பிளேயரால் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுத்தான் பாட முடியும். வீச்சு சத்தம் போட உறுமலை நிறுத்தியாக வேண்டும், முடிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். கட்டளை போய்ச் சேர்ந்து, கார்டில் கோப்பைத் தேடி எடுப்பதற்கும் நேரம் பிடிக்கும். என் முதல் வாள் பரணுக்குப் போனது இதனால்தான்.

கைவசம் அதுதான் என்றால் ஒரு சமாளிப்பு உண்டு. ஒவ்வொரு வீச்சு சத்தக் கோப்பின் கடைசியிலும் நீண்ட உறுமலைச் சேர்த்து ஒரே கோப்பாக்கிவிடுங்கள். தாமதம் போகாது, அறுப்பு குறையும். கூடவே இரைச்சல் இருந்தால் டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

உருப்படியாக வேண்டுமென்றால் ஈஎஸ்பி32 போர்டும், மேக்ஸ்98357 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்குங்கள். சத்தங்களை ஈஎஸ்பியே கூட்டிக் கலந்து அனுப்பும். உறுமல் நிற்காமல் ஓடும். அதன் மேல் வீச்சு சத்தம் இரண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, கையின் வேகத்துக்கு ஏற்ப அவற்றின் அளவை ஏற்றி இறக்கலாம். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். சுழலும்போது அது விக்கல் மாதிரி கேட்கும்.

கேள்வி: பிடியைக் கையில் உருட்டினாலே வீச்சு சத்தம் வருகிறது. அதைவிடக் கொடுமை, மேஜையில் சும்மா வைத்தாலும் மோதல் சத்தம் போடுகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. எம்பியூ6050 என்ற அசைவு சென்சாருக்குள் சுழற்சியை அளக்க ஒன்று, முடுக்கத்தை அளக்க ஒன்று என இரண்டு இருக்கின்றன. வீச்சுக்குச் சுழற்சி, மோதலுக்கு முடுக்கம்.

சுழற்சியில் மூன்று அச்சு வரும். வாளின் நீளவாக்கில் உள்ள அச்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பிடியை உருட்டும்போது நுனி எங்கேயும் போவதில்லை, ஆக அங்கே சத்தத்துக்கு வேலையில்லை. மற்ற இரண்டின் இருபடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் வாள் வீசும் வேகம். அளவு எல்லையை நொடிக்கு 2000 டிகிரிக்கு வையுங்கள். சென்சாருக்கான கோடு நூலகங்கள் (லைப்ரரி) பெரும்பாலும் 250இல் தொடங்கும். மணிக்கட்டு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

மேஜையில் வைத்தாலும் மோதுகிறது என்றால் புவியீர்ப்பைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். வாள் அசையாமல் இருந்தாலும் முடுக்கமானி 1 ஜி (புவியீர்ப்பின் அளவு) காட்டிக்கொண்டேதான் இருக்கும். முந்தைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், திடீரென எகிறினால் மட்டும் மோதல்.

கேள்வி: சார், மோதும்போது வெள்ளையாக மின்னணும் என்று வைத்தேன். மின்னுவதற்குப் பதில் வாள் அணைந்து, மறுபடி முதலிலிருந்து பற்றுகிறது. ஒரு 18650 செல் (லித்தியம் ரீசார்ஜ் பேட்டரி), டிபி4056 சார்ஜர் போர்டு, இரண்டு பக்கமும் ஸ்ட்ரிப்.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கணக்கோடு சொல்கிறேன். மீட்டருக்கு 144 விளக்குள்ள டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பில் 80 செ.மீ. என்றால் ஒரு பக்கம் 115, இரு பக்கமும் 230 விளக்கு. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. ஒரு நிறத்துக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். முழு நீலம் 4.6 ஆம்பியர். முழு வெள்ளை 13.8 ஆம்பியர். பாதுகாப்போடு வரும் டிபி4056 போர்டு ஏறக்குறைய 3 ஆம்பியரிலேயே கையை விரித்துவிடும். அதுதான் அணைகிறது.

டிபி4056 சார்ஜ் செய்ய மட்டும் இருக்கட்டும். விளக்குக்கு 10 ஆம்பியர் தாங்கும் ஒற்றைச் செல் பாதுகாப்புப் போர்டு தனியாகப் போடுங்கள். செல்லும் டிரில்லிங் மெஷினில் வருகிற, அதிக மின்னோட்டம் தரும் ரகமாக இருக்கட்டும். வெளிச்சத்தை 60 சதவீதத்துக்கு இறக்குங்கள், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, மோதலில் மொத்த வாளையும் வெள்ளையாக்காதீர்கள். அடி பட்ட இடம் மாதிரி ஒரு 15 விளக்கு மட்டும் மின்னட்டும். மின்சாரமும் மிச்சம், பார்க்கவும் அதுதான் நிஜமாக இருக்கிறது.

ஸ்ட்ரிப்பைச் செல்லிலிருந்து நேராக ஓட்டலாம். அப்படி ஓட்டினால் ஈஎஸ்பியின் 3.3 வோல்ட் சிக்னலையே அது ஏற்றுக்கொள்ளும், சிக்னலின் வோல்ட்டை ஏற்றித் தரும் லெவல் மாற்றி தேவையில்லை. ஆனால் ஈஎஸ்பி போர்டை மட்டும் சின்ன பூஸ்ட் மாட்யூல் வழியாக 5 வோல்ட் ஆக்கிக் கொடுங்கள். பல போர்டுகளில் உள்ள, வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட் எடுத்துக்கொள்ளும்; செல் கொஞ்சம் இறங்கியதும் போர்டு மயங்கிவிடும். ஸ்ட்ரிப் தொடங்கும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா கம்பியில் 330 ஓம் ரெசிஸ்டர், நுனி வரைக்கும் கூடுதலாக ஒரு ஜோடி கரண்ட் ஒயர்.

(நீல வாள் சீக்கிரம் மங்குகிறது என்று ஒருவர் குறைப்பட்டார். நீல எல்இடிக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், சிவப்புக்கு 2 சொச்சம் போதும். செல் இறங்க இறங்க நீலம்தான் முதலில் சோரும்.)

கேள்வி: பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து செல் எடுக்கலாமா? ஆன்லைனில் 9,900 எம்ஏஎச் (கொள்ளளவு) செல் மலிவாகக் கிடைக்கிறதே?

18650 அளவில் 9,900 கிடையாது. நல்ல செல்லே 3,500 சுற்றுவட்டாரத்தில்தான். தராசில் வையுங்கள், உண்மையான செல் 45 கிராம் பக்கம் இருக்கும், போலி பல நேரம் அதைவிட லேசு. லேப்டாப் செல் இவ்வளவு மின்னோட்டத்துக்கு ஆனதில்லை, வயசும் தெரியாது. வேண்டாம்.

செல்லைப் பற்றி இன்னும் ஒன்று. அதன் பாசிட்டிவ் முனையைத் தவிர உடம்பு முழுக்க நெகட்டிவ். நடுவில் இருப்பது காகிதம் போன்ற ஒரு பிளாஸ்டிக் உறைதான். அலுமினியப் பிடிக்குள் அந்த உறை உரசிக் கிழிந்தால் நேரே ஷார்ட். என் இரண்டாவது வாள் அப்படித்தான் புகைந்தது. சமையலறையில் இருந்தேன், வாசம் வந்து ஓடினேன். அதிலிருந்து பிடி பிவிசி பைப்தான், உள்ளே செல்லுக்குத் தனிக் கூடு, முனையில் காகித வளையம். பூட்டிய வீட்டில் சார்ஜ் போடுவதும் இல்லை.

கேள்வி: வாளுக்குப் பழைய டியூப் லைட்டையே பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. கண்ணாடி, உள்ளே பாதரசம். பாலிகார்பனேட் குழாய் வாங்குங்கள், வெளிவிட்டம் 1 அங்குலம். அக்ரிலிக்கும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் அடித்தால் சில்லாக உடையும்.

கேள்வி: விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன.

டிவி பெட்டியில் சுற்றி வருமே, மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட், அதைச் சுருட்டிக் குழாயின் உட்சுவரோடு ஒட்டினாற்போல் விடுங்கள். குழாயை 400 நம்பர் உப்புத்தாளால் ஒரே திசையில் தேயுங்கள். மீட்டருக்கு 60 விளக்கு ஸ்ட்ரிப் வாங்கியிருந்தால் மன்னிக்கணும், இதெல்லாம் உதவாது.

கேள்வி: ஸ்பீக்கர் நல்லதுதான், ஆனால் சத்தம் கொசு மாதிரி இருக்கிறது.

ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒன்றையொன்று தின்கின்றன. பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் மூடுங்கள். நான் மாத்திரை டப்பா ஒன்றை வெட்டி வைத்தேன், உறுமலுக்கு அன்றுதான் அடிவயிறு வந்தது. பிடியின் அடிமூடியில் துளை போட்டு ஸ்பீக்கர் முகத்தை அங்கே திருப்புங்கள்.

கேள்வி: வீடியோ எடுத்தால் வாளில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

இந்த விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பதே வேகமாக அணைந்து எரிந்துதான். படம் எடுக்கும்போது மட்டும் நிறத்தை (சிவப்பு, பச்சை, நீலம்) 0, 0, 255 மாதிரி, அதாவது முழு நீலமாக, வையுங்கள். முழுதாக எரியும்போது பட்டை வராது. செல் சூடாகும் முன் காட்சியை முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் பையனும் அவன் நண்பனும் நிஜமாகவே அடித்து விளையாடுவார்கள். தாங்குமா?

ஸ்ட்ரிப் வாள் தாங்காது அக்கா. சாலிடர் விட்டுப்போகும். அவர்களுக்குக் குழாயை வெறுமையாக விட்டு, பிடிக்குள் ஒரே ஒரு 3 வாட் எல்இடியை லென்ஸோடு வைத்துக் கொடுங்கள். எல்இடிக்குப் பின்னால் அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகடு) கட்டாயம். குழாயின் நுனியில் உள்பக்கம் பார்க்கிற மாதிரி முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கும் ஒரு தகடு வைத்தால் வெளிச்சம் திரும்பி வந்து நிரப்பும். குழாய் உடைந்தால் குழாயை மட்டும் மாற்றலாம். கண்ணுக்கும் விரலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கேள்வி: மொத்தம் எத்தனை நாள் ஆகும்? பாகம் எங்கே வாங்கினீர்கள்?

பாகமெல்லாம் சென்னை ரிச்சி தெருவில், ஒரே மதியத்தில். சாலிடர் வேலை இரண்டு ஞாயிறு. சத்தத்துக்குத்தான் மூன்று வாரம் போனது. எங்கள் வீட்டு மிக்ஸி, தையல் மிஷின், பழைய ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றின் உறுமலையும் போனில் பதிவு செய்து பார்த்தேன். இப்போது வாளில் இருப்பது தையல் மிஷின் மோட்டார், பாதி வேகத்தில்.