குதிகால் வலியும் சிப்ரோ மாத்திரையும்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கு கிளைமிபிரைடு சாப்பிடுகிறார். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்ததால் டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 மாத்திரையைக் காலையும் இரவும் 7 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நாலாம் நாளிலிருந்து குதிகாலுக்குப் பின்பக்கம் வலி, காலை ஊன்றவே யோசிக்கிறார். "வயசாச்சு, நரம்பு இழுக்குது, நீவிவிட்டா சரியாயிடும்" என்கிறார். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்கிறார்களே, அதனால் அதைத் தொடர்ந்துகொண்டே மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம்மா. நீவவும் வேண்டாம், கடையில் வலி மாத்திரை வாங்கவும் வேண்டாம். அடுத்த வேளை சிப்ரோவைக் கொடுக்காமல், இன்றைக்கே எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து "மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் குதிகால் வலி வந்தது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

பாதியில் நிறுத்தக் கூடாது என்று நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம், உங்கள் தயக்கம் நியாயமானதுதான். லேசான குமட்டல், வயிற்றைப் புரட்டுவது போன்றவற்றுக்கு நீங்களாக நிறுத்தக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் சிப்ரோ குடும்பத்து மருந்துகளில் தசைநாண் வலி வந்தால் அது நிறுத்தச் சொல்லும் அடையாளம். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தடித்த நாணைத்தான் நம் ஊரில் நரம்பு என்கிறோம், அதைத்தான் இந்த மருந்து அதிகமாகப் பாதிக்கிறது. எல்லோருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல், அப்பா முதல் வகையில் இருக்கிறார். சிலருக்கு நாண் அறுந்தே போகும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதற்காக 2008-லேயே இந்த மருந்துகளின் மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. மருந்தை முடித்துச் சில மாதங்கள் கழித்துக்கூட இந்த வலி வரலாம் என்பதால், நிறுத்திய பிறகும் காலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீவக் கூடாது என்றது இதனால்தான். பலவீனமாகிவிட்ட நாணைத் தைலம் போட்டு அழுத்தி இழுத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். காலுக்கு ஓய்வு கொடுங்கள், மாடிப்படி வேண்டாம். பின்னங்காலில் யாரோ அடித்தது போலவோ, பட்டென்று சத்தம் கேட்டது போலவோ இருந்து, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வலி மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மெடிக்கலில் தசை வலிக்கென்று கேட்டால் டைசானிடின் கலந்த மாத்திரையைக் கொடுக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சிப்ரோவோடு அதைச் சேர்க்கவே கூடாது. டைசானிடினை உடம்பு கரைத்து வெளியேற்றும் வழியை சிப்ரோ அடைத்துவிடும், ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி, பிரஷர் இறங்கி மயங்கி விழுந்துவிடுவார்கள். சில கடைகளில் பொட்டலத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டும் இருக்கும், அது நாண் அறுவதற்கு இன்னும் வழி செய்யும். சாதாரண வலி மாத்திரைகள் சிலவும் சிப்ரோவோடு சேரும்போது அரிதாக வலிப்பு வரக் காரணமாகலாம்.

சர்க்கரையையும் பாருங்கள். கிளைமிபிரைடோடு சிப்ரோ சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், சம்பந்தமில்லாமல் பேசுவது இதெல்லாம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் மெஷின் இருந்தால் பரிசோதியுங்கள், டாக்டருக்கும் சொல்லுங்கள். வயதானவர் உளறினால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

டாக்டர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஆண்களுக்கு வரும் நீர்த்தொற்றில் புராஸ்டேட் வரை போய் வேலை செய்யும் மருந்துகள் சிலதான், சிப்ரோ அதில் ஒன்று. ஆனால் தொற்று இன்னும் முழுதாகப் போயிருக்காது, அதனால் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு மருந்து மாற்றிக் கொடுப்பார்.

கேள்வி: எனக்கும் சிப்ரோ கொடுத்திருக்கிறார்கள். வயிறு எரியாமல் இருக்கப் பாலோடு விழுங்குகிறேன். சரிதானே?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர வேண்டிய அளவு சேராது. தயிர், மோரோடு விழுங்கினாலும் இதே கதைதான். சாப்பாட்டோடு கொஞ்சம் தயிர் இருந்தால் பரவாயில்லை, வெறும் பாலிலோ மோரிலோ விழுங்குவதுதான் தவறு. தண்ணீரில் விழுங்குங்கள், நாள் முழுக்கத் தண்ணீரும் நிறையக் குடியுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோ நெஞ்செரிச்சலுக்கான ஜெல்லோ எடுத்தால் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோ இருக்க வேண்டும். அப்புறம், காபியைக் குறையுங்கள், படபடப்பும் தூக்கமின்மையும் வரும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். தண்ணீராகவோ ரத்தத்தோடோ பேதி போனால் நீங்களாக நிறுத்து மாத்திரை போடாமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மிச்சமான ஆறு சிப்ரோவை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாமா?
(ஒரு வாசகி, நெல்லை)

பதில்: கூடாது. வைரஸ் காய்ச்சலுக்கு இது எதுவும் செய்யாது. டைபாய்டாக இருந்தால்கூட இந்தியாவில் அந்தக் கிருமி பெரும்பாலும் சிப்ரோவுக்கு அடங்குவதில்லை. அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடே சீட்டில்லாமல் சாப்பிடாதே என்பதற்காகப் போட்டதுதான்.

கும்பகோணம் வாசகிக்கு இன்னொன்று. அப்பாவின் மருத்துவ ஃபைலில் முதல் பக்கத்திலேயே "சிப்ரோவில் குதிகால் வலி வந்தது" என்று எழுதி வையுங்கள். லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் எல்லாம் அதே குடும்பம். பேதி என்று போய் நின்றால் கடையில் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் மாத்திரையும் அவருக்கு ஆகாது.