பாட்டு ஆசிரியரைத் தேடுதல் – கடிதமும் பதிலும்

ஐயா,

நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் எந்தப் பாட்டையும் இரண்டு முறை கேட்டால் திருப்பிப் பாடிவிடுகிறாள். முறையாகப் பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளே கேட்கிறாள். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் பதினைந்து பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார். சற்றுத் தொலைவில், சபாக்களில் கச்சேரி செய்யும் வித்வான் ஒருவர் இருக்கிறார். அவர் வாங்கும் கட்டணம் மூன்று மடங்கு. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே கிரேடு தேர்வுக்குத் தயார்செய்யும் கீபோர்டு வகுப்பும் நடக்கிறது. சென்னையில் உள்ள ஒருவரிடம் ஆன்லைனில் சேர்த்துவிடும்படி என் நாத்தனார் சொல்கிறார். வீட்டில் எங்கள் யாருக்கும் சங்கீதம் தெரியாது. நல்ல ஆசிரியர் யார் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்றையும் கூச்சத்தோடு கேட்கிறேன். எனக்கு 42 வயது. நானும் கற்றுக்கொள்ள முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

நால்வரைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பதில் கட்டணம், தூரம், பெயர், சான்றிதழ் எல்லாம் இருக்கின்றன. அவர்களிடம் படிக்கும் பிள்ளைகள் எப்படிப் பாடுகிறார்கள் என்பது மட்டும் இல்லை. என் பார்வையில் அதைத் தவிர மற்றவை எல்லாம் இரண்டாம்பட்சம். ஆசிரியர் பாடுவதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அவரிடம் மூன்று ஆண்டுகளாவது படித்த ஒரு பிள்ளை, ஆசிரியரின் குரல் துணையில்லாமல், தனியாகப் பாடுவதைக் கேளுங்கள். அது அந்த வகுப்பின் முதல் பிள்ளையாக இருக்கவும் கூடாது. எங்கே போயிருந்தாலும் நன்றாகப் பாடியிருக்கக்கூடிய பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். ஆண்டுவிழாவில் மேடையேற்றப்படுவதும் அந்தப் பிள்ளைதான். நடுத்தரமான பிள்ளை பாடும்போதுதான் ஆசிரியரின் உழைப்பு வெளியே தெரியும்.

சங்கீதம் தெரியாத எங்களுக்கு அது எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். தம்புராவோ சுருதிப்பெட்டியோ ஒலித்துக்கொண்டிருக்க, பிள்ளை 'ஸ' என்று நிறுத்திப் பாடும்போது குரல் அந்த ஒலியோடு ஒட்டிப்போனால் கேட்பதற்கு இதமாக இருக்கும். விலகி நின்றால், பயிற்சியே இல்லாத காதுக்கும் ஏதோ நெருடும். அந்த நெருடலை நீங்கள் நம்பலாம். அடுத்தது தாளம். ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் பாடி, அதையே இரண்டு மடங்கு வேகத்தில் இரண்டாம் காலத்திலும், நான்கு மடங்கு வேகத்தில் மூன்றாம் காலத்திலும் பாடச் சொல்லுங்கள். குரல் எவ்வளவு விரைந்தாலும் தொடையில் விழும் கை ஒரே நடையில் விழ வேண்டும். குரலோடு சேர்ந்து கையும் ஓடினால், அந்தப் பிள்ளைக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை, பாட்டு மட்டும் மனப்பாடம் செய்விக்கப்பட்டிருக்கிறது.

பாடுவது ஒரு திறமை, சொல்லிக்கொடுப்பது வேறொரு திறமை என்பதை நம் சங்கீத உலகம் நெடுநாளாக அறிந்திருக்கிறது. சென்னை மியூசிக் அகாதெமி 1931இல் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கி, டைகர் வரதாச்சாரியாரை அதற்கு முதல்வராக அமர்த்தியது. அண்மைக் காலத்தில் செம்மங்குடி சீனிவாச அய்யரின் சீடரான பி.எஸ். நாராயணஸ்வாமியைச் சொல்லலாம். அவரும் கச்சேரி செய்தவர்தான். ஆனாலும் 2020இல் மறைந்த அவரை ரசிகர்களில் பெரும்பாலோர் ரஞ்சனி – காயத்ரி சகோதரிகளின் குருவாகவும் அபிஷேக் ரகுராமின் குருவாகவுமே அறிந்திருந்தார்கள். அவருடைய கச்சேரி ஒன்றைக்கூடக் கேட்டிராதவர், சீடர்களைக் கேட்டே அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று சொல்லிவிட முடியும்.

இதனால் உங்கள் ஊர் வித்வானை விலக்கிவிட வேண்டும் என்றில்லை. ஆரம்பப் பாடங்களைத் தாமே எடுப்பாரா, மூத்த சீடரிடம் ஒப்படைத்துவிடுவாரா என்றும், மார்கழியிலும் கோயில் உற்சவ காலங்களிலும் அவர் வெளியூர் போகும்போது வகுப்பு என்னவாகும் என்றும் கேளுங்கள். மூத்த சீடர் எடுப்பதில் தவறில்லை. அப்படியானால் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தச் சீடரின் வகுப்பைத்தான்.

யாராக இருந்தாலும் ஆரம்ப வகுப்பு ஒன்றை முழுதாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி முதல் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கும். இந்த ராகத்தில் 'ரி' என்பது 'ஸ'வை ஒட்டினாற்போல் மிக அருகில் இருக்கிறது; அங்கிருந்து 'க'வுக்கோ பெரிய தாவல். பிள்ளைகளின் குரல் அந்த ரியைச் சற்றே மேலே ஏற்றிவிடும், அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நடக்கும். அந்தக் கணத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தம் குரலை இன்னும் உயர்த்திப் பாடி, பிழையை மூடிக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விடுபவர்கள் பலர். நல்ல ஆசிரியர் அங்கேயே நிறுத்துவார். 'ஸ ரி, ஸ ரி' என்று அந்த இரண்டை மட்டும் நாலைந்து முறை பாடிக் காட்டிவிட்டு, பிறகு தாம் வாயை மூடிக்கொண்டு, தம்புராவோடு பிள்ளையைத் தனியே பாடவிடுவார். ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பாடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நான் முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொள்வேன். எப்போதும் கூடவே பாடிக்கொண்டிருப்பவரின் மாணவர், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வளர்ந்து, அது இல்லாத இடத்தில் சுருதியைத் தவறவிடுவார்.

தெரு டீச்சரின் வகுப்பில் எனக்குள்ள தயக்கமும் இதுவே. பதினைந்து குரல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது உங்கள் மகளின் ரி எங்கே நின்றது என்று யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு பிள்ளையும் வகுப்புக்கு ஒரு முறையாவது தனியாகப் பாடுகிறதா என்று விசாரியுங்கள். பாடுகிறது என்றால் கூட்டம் ஒரு குறையே இல்லை, மற்றவர்கள் திருத்தப்படுவதைக் கேட்டே பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்வார்கள். எந்தச் சுருதியில் பாடவைக்கிறார் என்பதையும் கேளுங்கள். 'ஸ'வை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறோம் என்பதைக் 'கட்டை' என்ற கணக்கில் சொல்வார்கள்; எண் கூடினால் சுருதி உயரம். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுபவர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை தேவைப்படலாம். ஆசிரியர் தம் வசதிக்காக ஒரே சுருதியை எல்லார் மேலும் சுமத்தினால், பிள்ளை கீழே முனகவோ மேலே கத்தவோ நேரும், தொண்டையும் கெடும்.

கீபோர்டு வகுப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி முதலிய அமைப்புகள் நடத்தும் தேர்வுகளின் எட்டு கிரேடுகளும் மேற்கத்திய இசை கற்பவர்களுக்கு ஒழுங்கான படிகள்தாம். ஆனால் உங்கள் மகள் பாட ஆசைப்படுகிறாள். கீபோர்டின் விசையை அழுத்தினால் ஸ்வரம் சரியான இடத்தில் தானே வந்துவிடும். அந்த இடத்தைக் காதால் தேடிப் பிடிப்பதே வாய்ப்பாட்டின் முதல் ஆண்டு வேலை. ஸ்வரங்களை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகமும் சாதாரண கீபோர்டில் வராது.

ஆன்லைன் வகுப்பு, அடித்தளம் போட்டு முடித்து வர்ணம், கீர்த்தனை என்று போய்க்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படுகிறது; வெளிநாடுகளில் உள்ள எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் கற்கிறார்கள். முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடவோ சேர்ந்து தாளம் போடவோ முடியாது. போதாக்குறைக்கு, பேச்சைத் தெளிவாக்குவதற்காக இந்தச் செயலிகளில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி, இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. அமைப்புகளில் அதை நிறுத்தலாம். பல வீடுகளில் அது தெரியாமலே வகுப்பு நடக்கிறது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி உண்டு. அங்கே படித்து முடித்தவர்களிலும் படிப்பவர்களிலும் வீட்டுக்கு வந்து சொல்லித்தருபவர்கள் இருப்பார்கள். கல்லூரிக்கே போய் விசாரிக்கலாம். மேடைப் பெயர் இல்லாத அந்த இளைஞர்களில் பொறுமையும் நல்ல காதும் உள்ளவர்களைக் கண்டால் தயங்காதீர்கள். பிற ஊர் வாசகர்களுக்காகவும் ஒரு வார்த்தை: சிறுவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றமும், சற்று வளர்ந்தவர்களுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் குறைந்த செலவில் முறையான பயிற்சி தருகின்றன. தனி ஆசிரியரைத் தேடுவதற்கு முன் அவற்றை ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது.

சேர்க்கும்போது பணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். மாதச் சம்பளமா, வகுப்புக் கணக்கா, ஆசிரியர் வராத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா, பள்ளித் தேர்வு மாதத்தில் என்ன ஏற்பாடு என்பதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தேங்காய், வெற்றிலை பாக்கு, தட்சிணை வைத்துத் தொடங்கிவிட்ட பிறகு ஆசிரியரை மாற்றுவது நம் குடும்பங்களில் பெரும் சங்கடம் என்பதால், 'இரண்டு மாதம் வரட்டும், உங்களுக்கும் சரியென்று பட்டால் விஜயதசமியன்று முறைப்படி ஆரம்பிக்கலாம்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர்களுக்கும் அதுவே சௌகரியம். இன்னொன்றில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்: வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும், நீங்கள் பார்வை படும் தூரத்தில் உட்கார முடிய வேண்டும். அதை மறுப்பவர் எவ்வளவு பெரிய வித்வானானாலும் அங்கே பிள்ளையை அனுப்பாதீர்கள். உட்காரும்போது வகுப்பின் நடுவே நீங்கள் பிள்ளையைத் திருத்தாமல் இருப்பது உங்கள் பங்கு.

இனி உங்கள் விஷயம். 42 வயதில் தாராளமாகத் தொடங்கலாம். பெரியவர்களுக்குத் தடையாக இருப்பது குரலைவிட ரசனைதான். இத்தனை ஆண்டுகள் நல்ல பாட்டைக் கேட்டுப் பழகிய காது, தன் வாயிலிருந்து வரும் சரளி வரிசையைப் பொறுத்துக்கொள்வதில்லை, மூன்றாம் மாதமே நின்றுபோகிறார்கள். ஆகவே வரிசைகளைத் தாண்டிக் குதிக்காமல், அவற்றோடு கூடவே ஒரு தேவாரப் பதிகத்தையோ திருப்புகழையோ சொல்லித்தர இசைகிற ஆசிரியராகப் பாருங்கள். பெண்கள் என்றாலே ஐந்தரைக் கட்டை என்று வைப்பவரிடம், நாலரையில் ஒரு முறை பாடிப்பார்க்கலாமா என்று கேளுங்கள். உங்கள் வயதில் பலருக்கு அங்கேதான் குரல் சிரமமில்லாமல் நிற்கும். தினமும் இருபது நிமிடம் பாடினால் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் பாடுவதால் பயனில்லை.

மகளின் ஆசிரியரிடமே கற்பதாக இருந்தாலும் அவளோடு ஒரே வகுப்பில் உட்காராதீர்கள். அவள் உங்களை விரைவில் தாண்டிப் போவாள், அதுவரை நீங்கள் அவளைக் கண்காணித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டுமே இருவருக்கும் பாடாய் இருக்கும். உங்களுக்கு வேறொரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.