பின்பக்கம் தாழ்ந்த எஸ்யூவி: வாசகர் கேள்வி-பதில்

கே: பழைய எஸ்யூவி. பின்பக்கம் தாழ்ந்தே நிற்கிறது. மெக்கானிக் சொன்னபடி பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். உயரம் மாறவில்லை. மட்டமான ஷாக்கா?

ப: ஷாக்கின் மேல் குற்றமில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஓயாமல் ஆடாதபடி அடக்குவதுதான் சாதாரண ஷாக்கின் வேலை. இது தெரிந்திருக்க வேண்டியவர் உங்கள் மெக்கானிக். கூலியையாவது திருப்பிக் கேளுங்கள்.

கே: சுமைக்கு ஏற்பத் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் பின் ஷாக் என் வண்டியில் இருந்தது. சர்வீஸில் என்னைக் கேட்காமலே சாதாரண ஷாக் போட்டுவிட்டார்கள். இப்போது பின்னால் ஆள் ஏறினாலே அமுங்குகிறது. ஸ்பிரிங் போய்விட்டது, அதையும் மாற்றுங்கள் என்கிறார்கள்.

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதற்கு மேல் பில்லும் நீட்டுகிறார்கள். நிவோமேட் என்ற பெயரில் வருவது போன்ற, தானே உயரத்தைச் சரிசெய்யும் ஷாக், எடையில் ஒரு பங்கைத் தானே சுமக்கும். அதனால் அதனோடு வரும் ஸ்பிரிங்கை மென்மையாகவே செய்திருப்பார்கள். உங்கள் ஸ்பிரிங் கெட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. துணைக்கு இருந்ததைக் கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். பழைய வகை ஷாக்கையே போடட்டும், அல்லது சாதாரண ஷாக்குக்குப் பொருத்தமான விறைப்பான ஸ்பிரிங்கைத் தங்கள் செலவில் போடட்டும். கழற்றிய ஷாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதன் மேலுள்ள உதிரிபாக எண்தான் உங்கள் சாட்சி.

கே: காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையே செருகும் ரப்பர் வளையம் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

ப: வேண்டாம். நான் வாங்கிப் போட்ட ஜோடியைக் கழற்றியபோது, ரப்பர் கவ்வியிருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து, கம்பியைச் சுற்றித் துரு பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். வளையம் செருகிய சுற்று அசையாது. அதன் பங்கு உழைப்பும் மற்றச் சுற்றுகளின் தலையில் விழும். விற்ற கடை, சாலை சரியில்லை என்று கையை விரித்துவிட்டது.

கே: 'ஹெவி டியூட்டி' ஸ்பிரிங் ஒரு ஜோடி பார்த்தேன். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டால், எவ்வளவு வேண்டுமானாலும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

ப: நம்பாதீர்கள். அட்டையில் அந்தச் சொற்களை அச்சிட்டு, ஓர் எண்கூடப் போடாமல் விற்கும் பழக்கத்தைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. கம்பியின் தடிமன் என்ன, சுமையில்லாதபோது நீளம் என்ன, வண்டியில் எத்தனை கிலோ நிரந்தரமாக இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

தடிமன் சின்ன விஷயமில்லை. சுருளின் அகலமும் சுற்றுகளும் மாறாமல், 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். தேவைக்கு மிஞ்சிய விறைப்பும் கெடுதல்தான். காலியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு குதிக்கும், டயருக்குத் தரையில் பிடி இருக்காது.

உங்கள் சுமை எந்த வகை என்று முதலில் தெளிவாகுங்கள். கருவிப்பெட்டி, கூடுதல் டேங்க் என்று எப்போதும் வண்டியிலேயே இருப்பது என்றால் அந்த எடைக்கென்றே செய்த ஸ்பிரிங் வேண்டும். எப்போதாவது ஏற்றும் சுமைக்கு, நல்ல ஸ்பிரிங்கின் நடுவே வைக்கும் காற்றுப் பை போதும். ஆனால் காலியாக ஓடும்போதும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் காற்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சுருளுக்குள் நசுங்கிக் கிழியும். இதில் எதைப் போட்டாலும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே?

கே: டிரெய்லர் கொக்கியில் 150 கிலோதான் அமர்கிறது. அதற்கே இவ்வளவு அமுங்குமா?

ப: அமுங்கும். கொக்கி பின் அச்சுக்கு வெளியே இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர், அச்சிலிருந்து கொக்கிக்கு 1.1 மீட்டர் என்றால், பின் அச்சில் ஏறுவது 210 கிலோ. மிச்ச 60 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிந்தது. ஸ்டீயரிங் லேசாவதும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் அதனால்தான்.

கே: ஒரு பக்க ஸ்பிரிங் உடைந்தது. வேறு மாடலில் கழற்றிய ஒன்று, பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் போட்டேன். வண்டி சாய்கிறது.

ப: சாயாமல் என்ன செய்யும்? உங்கள் மாடலுக்கு உரிய ஜோடியாக வாங்குங்கள்.

கே: லீஃப் ஸ்பிரிங் வண்டி. பட்டைகளை அடித்து வளைத்துத் தருகிறோம் என்கிறார்கள்.

ப: வளைத்த பின் முறையாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்களா என்று கேளுங்கள். வெறுமனே அடித்து வளைத்தது சீக்கிரமே மறுபடி இறங்கும். விரிசல் விட்ட பட்டை இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம், புதிய செட் வாங்குங்கள். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளில் உள்ள புஷ்களையும் கூடவே மாற்றுங்கள்.

கே: புது ஸ்பிரிங் போட்டதும் உயரம் சரியாகிவிட்டது. ஆனால் சுமையோடு பிரேக் பிடித்தால் முன்பைவிட மூக்கு குத்துகிறது.

ப: பின் அச்சிலிருந்து சேசிஸிலுள்ள ஒரு வால்வுக்குக் கம்பி போகிறதா என்று அடியில் குனிந்து பாருங்கள். பல பழைய எஸ்யூவிகளில் உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையை அறிந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்த வால்வு. இப்போது வண்டி உயர்ந்து நிற்பதால், காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. பணிமனைக் கையேட்டின்படி அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை சுமை ஏற்றாதீர்கள்.